தனுஷன் அமுக்கிய பொத்தான்

தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை. நின்றதோ ஒரே ஒரு த்ரீவீல். அனுஷியா இந்தப் பக்கம் ஏறினாள்... அதே நேரம் யாரோ ஒருவன் அந்தப் பக்கம் ஏறினான்.

"நான்தான் முதல்ல கை காட்டினேன்," என்றான்.

"நான் ஏறியே உக்காந்துட்டேனே..."

"ஹரி ஹரி, சரி விடுங்க, ரெண்டு பேருக்கும் மேல்தோட்டந்தானே," என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அவன் சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி... அதைத் துடைக்கக்கூடத் தெரியவில்லை இந்த மனுஷனுக்கு. ஆனால் அந்தக் கண்கள்... அனுஷியா சட்டென்று வெளியே பார்த்தாள்.

"நான் தனுஷன். தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல்ல, அதான் வேலையாளுங்க வருகைப் பதிவுல, பேர் போடுற கிளாக்கர். இன்னைக்குக் கொழும்புலருந்து யாரோ வர்றாங்களாம்... கம்ப்யூட்டர்ல ஏமாறாம பொத்தான் அமுக்கச் சொல்லித்தர. ஒம்பது வருஷமா அமுக்குறேன். என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்."

"ஒருத்தி வந்தா?" என்றாள் மெதுவாக.

அரை மணி நேரம் கழித்து, தோட்டத்து ஆபீஸில் பாடம் நடத்த அவளே எழுந்து நின்றபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பக்கத்தை அனுப்பினாள். 'நாளைய மழை அளவு' என்று ஒரு பொத்தான். முதலில் அமுக்கியவன் தனுஷன். உடனே அவள் திரையில் அவன் பெயர் விழுந்தது. அவனுடைய செக்ரோலைத் திறக்கும் அனுமதி யாரோ ஒரு அந்நியருக்குப் போயிருந்தது.

"பயப்படாதீங்க, பயிற்சிக்குச் செஞ்சது," என்றாள். "நீங்க பாத்த பக்கத்துக்கு மேல, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பக்கத்தை விரிச்சிருந்தேன். மழையைப் பாக்கத்தான் அமுக்கினீங்க... விழுந்தது அனுமதி குடுக்குற பொத்தான் மேல. செக்ரோல் தெறந்தே கிடந்ததால அது வேலை செஞ்சிருச்சு."

அங்கேதான் வினை. மழை வந்தால் சிக்னல் போய், மூடியதை மறுபடி திறக்க முடியாத ஊர் இது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்து ஒரு தடவை திறந்தால், அந்திவரை யாரும் மூடுவதில்லை. அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே தனுஷன்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் பெரிய கிளாக்கர் பதவிக்கு அவன் பெயர் தோட்ட மேனேஜரான தொரையிடம் போயிருந்தது. ஏமாந்தவர்களின் பட்டியலும் இன்று அந்தியில் அதே தொரையிடம் போகும்.

தேநீர் நேரத்தில் தயங்கித் தயங்கி அவன் பக்கத்தில் வந்தாள்.

"உங்க பேரை விட்டுடட்டுங்களா...?"

"பிச்சை போடுறீங்களா மிஸ்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. தெஹியோவிட்டவில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ரப்பர் பால் வெட்டும் அம்மாவுக்கு மகளாக வளர்ந்தவள் அவள். இரக்கப்பட்டு ஒருவர் எதையாவது நீட்டினால் எப்படி எரியும் என்று தெரியாதா? தெரிந்தும் ஏன் செய்தாள்... புரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். நன்றாகவே புரிந்திருந்தது.

அந்தியில் தொரை வந்தார். பட்டியலை அவள் நீட்டுமுன் தனுஷன் எழுந்தான்.

"முதல்ல அமுக்கினது நான்தான் சேர். செக்ரோலைத் தெறந்தே வைக்கிற பழக்கமும் என்னோடதுதான். இனிமே வேலை முடிஞ்சதும் மூடிருவோம். சும்மா வர்ற லிங்க்கை அமுக்க மாட்டோம், முகவரியை நாங்களே அடிச்சு உள்ள போவோம். நாளையிலருந்து எல்லாருக்கும் நானே சொல்லிக் குடுக்குறேன்."

தொரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பதவி விஷயம்... யோசிச்சுச் சொல்றேன்," என்றார். தனுஷன் தலை குனியவில்லை. அனுஷியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்றுவரை இவன் யாரென்றே தெரியாது... ஆனாலும் தன் சொந்தக்காரன் நிற்பதுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

வாசலில் அவனைப் பிடித்தாள்.

"அது பிச்சை இல்லைங்க... காலையிலருந்து என் மனசு என் பேச்சைக் கேக்கல. உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தோணுச்சு. அது தப்புதான். நீங்க அதுக்கு ஒத்துக்காதது எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இதுவும் பயிற்சியா மிஸ்?"

"இல்லைங்க..."

"அப்ப நானும் சொல்லிர்றேன். உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. வீடு எங்கன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவோட வர்றேன். இன்னைக்கு உங்ககிட்ட ஏமாந்ததை உங்க அம்மாகிட்ட நானே முதல்ல சொல்லணும்... அதுக்கப்புறந்தான் பொண்ணு கேப்பேன்."