ஆடியோ வரலை சார்

நாற்பத்தொரு நிமிடம் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால், அன்புச்செல்வனின் வாய் மட்டும் அசைந்தது. மைக் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நடுவில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. நாற்காலி முனகியது கேட்டது. அவன் தண்ணீர் குடித்த மடக் மடக் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அவன் குரல்தான் இல்லை.

திருவானைக்காவலில் ஒரு மாடி அறை அது. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ரெக்கார்டிங்குக்காக ஃபேனையும் நிறுத்தியிருந்ததால், மே மாதத்துப் பிற்பகல் வெக்கையில் அட்டை வாடையும் வியர்வை வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. ஐந்து மணிக்கு இலவச நேரலை வகுப்பு. அரசுத் தேர்வுக்குக் கணக்குப் படிக்க நானூறு பேர் பதிவு செய்திருந்தார்கள். குரல்தான் அவன் பிழைப்பு. அது போனால் எல்லாம் போயிற்று.

இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்தான். மைக்கைக் கம்ப்யூட்டரின் வேறு துளையில் மாட்டினான். சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். ஒவ்வொரு முறையும் "ஹலோ, ஒன்னு, ரெண்டு" என்று பேசிப் பதிவு செய்தான். ஒவ்வொரு முறையும் பல்லி கத்தியது பதிவாகியிருந்தது. அவன் இல்லை.

எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த சித்தார்த்தைக் கூப்பிட்டால் அரை மணியில் வந்துவிடுவான். ஆனால் திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? இந்தக் கம்ப்யூட்டரை இன்னொருவன் நோண்டினால் இருதயமேரி டீச்சரின் பாடங்கள் கண்ணில் படும்.

டீச்சர் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்காக நடத்திய பாடங்கள், நூற்று நாற்பத்திரண்டு. அவற்றில் முகம் தெரியாது, திரையில் எழுத்தும் குரலும் மட்டும்தான். அப்புறம் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி பேச முடியாதவருக்குக் குரல் எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, இந்தப் புண்ணியவான் ஒவ்வொரு பாடத்திலும் அவருடைய ஆடியோவை மட்டும் அழித்துவிட்டுத் தன் குரலை ஏற்றினான். எழுத்து அவருடையது, வழிமுறை அவருடையது, பெயர் இவனுடையது. ஒருநாள் டீச்சர் படியேறி வந்து ஒரு தாளை நீட்டினார்: 'என் குரல் இதில் மட்டும்தான் இருக்கிறது. மகளுக்குக் கொடுக்க வேண்டும்.' "ஆடியோவே விழலை டீச்சர், சாஃப்ட்வேர் கோளாறு" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். டீச்சர் அவன் வாயையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார். போன மாதம் இறந்தும் போனார்.

ஒருவேளை ஸ்பீக்கர்தான் கோளாறோ என்று பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினான். டீச்சர் மாதிரி நடத்திப் பழகுவதற்காக ஒரே ஒரு பாடத்தின் நகலை மட்டும் அவர் குரலோடு அதில் வைத்திருந்தான். அது கணீரென்று பாடியது. "பயப்படாதீங்க பிள்ளைங்களா, கணக்கு கடிக்காது."

போன் அடித்தது. டீச்சரின் மகள்.

"சார், லிசி பேசுறேன். ஒரே ஒரு பாடம் இருந்தாலும் போதும் சார். அம்மா குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது."

"எத்தனை தடவைம்மா சொல்றது? எதுலயும் ஆடியோ இல்லை."

"அப்ப அஞ்சு மணி வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாடியும் கேப்பேன் சார்."

கொடுத்திருக்கலாம். மனம் வந்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவனுக்குப் பயம் கோபமாக ஏறியது. போனை வைத்தான். அந்தப் பாடத்தையும் மீட்க முடியாதபடி அழித்தான்.

திரையில் மைக்கின் பச்சைக் கோடு துள்ளியது.

அவன் பேசவில்லை. அசையவும் இல்லை. கோடு ஏறியது, இறங்கியது, யாரோ பேசிப் பார்ப்பதுபோல. மைக்கைப் பிடுங்கினான். வயர் கையில் தொங்கியது. கோடு நிற்கவில்லை.

"யாரு?" என்றான்.

கேட்கவில்லை. மைக்குக்கு மட்டுமல்ல, அவன் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினான். தொண்டை நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

ஐந்து மணி. நேரலை தானாகத் தொடங்கும்படி காலையிலேயே வைத்திருந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தக் கையை நீட்டினான். கை, திரையில் எழுதும் பேனாவை எடுத்தது.

'சார், ஆடியோ வரலை.'

'கேக்கலை சார்.'

செய்திகள் ஓடின. நடுவில் லிசியின் பெயர் தெரிந்தது. எழுந்து ஓட நினைத்தான். கால் வரவில்லை. பிறகு வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை.

"வணக்கம் பிள்ளைங்களா. இப்ப கேக்குதா?"

பெண் குரல். அவன் தொண்டையிலிருந்து.

'கேக்குது மிஸ்.'

'புது டீச்சரா?'

லிசி ஒரே ஒரு சொல் எழுதினாள். 'அம்மா?'

"நான்தான் கண்ணு. அழாதே. நூத்தி நாப்பத்திரெண்டு பாடத்தையும் சார் அழிச்சுட்டாரு. ஒன்னொன்னா திரும்ப நடத்திடுறேன். கேட்டுக்கிட்டே இரு."

'பேசும்மா. நிறுத்தாதே.'

குரல் நிறுத்தவில்லை. முதல் பாடமான விகிதத்தில் தொடங்கியது. கை அழகாக எழுதியது. ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது வந்தது. இடைவெளியே இல்லை. அந்தக் குரலுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது.

ஒரு நிமிடம். நெஞ்சு எரிந்தது. இரண்டு நிமிடம். முட்டை அட்டைகள் கறுத்து மங்கின.

முக்கால் மணி நேரம் கழித்து, திரை மூலையில், கேமரா கட்டத்துக்குள், உதடு நீலம் பாரித்த ஒரு முகம் இமைக்காத கண்களோடு இரண்டாம் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தது.

'சூப்பரா புரியுது டீச்சர்' என்று யாரோ எழுதினார்கள்.