முட்டை வாங்கின அக்கா

"பட்டாபிராம்! பட்டாபிராம் வந்தாச்சு! வாயத் தொற!"

வாழைப்பழத் துண்டை ரயில் மாதிரி ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்தாள் பவ்யா. தம்பி கிருபா வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான்.

"இதுல முட்டை கீதா?" என்று மூக்கால் கேட்டான்.

"வாழப்பழத்துல எங்கடா முட்டை இருக்கும்?"

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிருபாகரனுக்கு நாலு வயது. முட்டை அவன் உடம்புக்கு ஆகாது. ஒரு வயதில் ஒரே ஒரு ஸ்பூன் முட்டை கொடுத்ததற்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் முட்டை கிடையாது. பால்வாடியில் முட்டை போடும் நாளில் பொன்னியம்மா ஆயா அவனை மட்டும் தனிப் பாயில் உட்கார வைத்துப் பழம் கொடுப்பார்.

அவனுக்கு ஊட்ட பவ்யாதான் வேண்டும். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுகிறார். அம்மா துணி கம்பெனியில் தைக்கிறார். இரண்டு பேரும் ரயிலேறி அண்ணனூரில் இறங்கி வீடு வர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை அக்காதான் எல்லாம்.

தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வீடு. அதனால் சாப்பாடும் ரயில்தான். ஒரு வாய்க்கு ஒரு ஸ்டேஷன். பட்டாபிராமில் கிளம்பி, இந்து காலேஜ், ஆவடி, அண்ணனூர் என்று போகும். கொரட்டூர் வரும்போது கிருபா ஏப்பம் விடுவான். சென்ட்ரலுக்கு அவன் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

அதெல்லாம் பதினாறு நாளைக்கு முன்பு.

அன்று பால்வாடியிலிருந்து அவனைக் கூட்டி வரும் வழியில், பேக்கரி வாசலில் நல்ல வாசம்.

"அண்ணா, முட்டை இல்லாத பப்ஸ் கீதா?" என்று பவ்யா கேட்டாள்.

"முட்டை பப்ஸ் அந்தத் தட்டு. இது வெஜ்ஜு. சூடா கீது, எடுத்துக்கோ" என்றார் கடைக்கார இருதயராஜ்.

பாதி தின்றதும் கிருபா நாக்கை வெளியே நீட்டினான். "அக்கா, நாக்கு குத்துது." அவ்வளவுதான். உதடு வீங்கியது. இருமல் வந்தது. மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. அந்தப் பக்கமாக வந்த பக்கத்து வீட்டு எழிலரசி அக்கா இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். தொடையில் ஊசி போட்ட பிறகுதான் விசில் நின்றது.

"என்ன சாப்பிட்டான்?" என்று டாக்டர் கேட்டார்.

"வெஜ் பப்ஸ்தாங்க. நான் கேட்டுத்தான் வாங்கினேன்."

"உள்ள வெஜ்தான்மா. மேல பளபளன்னு இருந்துச்சா?"

"ஆமா."

"அந்தப் பளபளப்புக்காக முட்டைய அடிச்சு பிரஷ்ஷால தடவுற கடைங்க உண்டு."

வீட்டில் யாரும் பவ்யாவைத் திட்டவில்லை. இருதயராஜ்கூட மறுநாள் வாசலில் வந்து நின்று, "வெஜ்ஜுன்னு சொன்னது என் தப்புதான் பாப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டார். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பவ்யாவுக்குத் தோன்றியது.

கிருபா மட்டும் அன்றிலிருந்து அவள் கையால் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. அம்மா லீவு போட்டு ஊட்டினார். அந்த லீவும் முடிந்து, இன்று திங்கட்கிழமை வேலைக்குப் போயிருந்தார்.

ஏழு மணிக்கு அம்மா வந்தபோது வாழைப்பழம் தட்டிலேயே கறுத்துக் கிடந்தது. கிருபா பசியோடு தூங்கியிருந்தான்.

அம்மா தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். ராத்திரி அவர் அப்பாவிடம் மெதுவாகப் பேசியது பவ்யாவின் காதில் விழுந்தது.

"நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். அவ கையால சாப்பிடலன்னா வேலைய வுட்டுட வேண்டியதுதான். கொழந்தய பட்டினி போட்டுட்டு நான் அங்க மிஷின்ல குந்திக்கினு இருக்க முடியுமா?"

பவ்யா தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். போன வாரம் அந்தப் பரீட்சையில் உட்கார்ந்திருந்தபோது அவள் காதில் அந்த விசில் மூச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுமே எழுதவில்லை. தாளில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு வட்டம்.

"பவ்யா, இது நீதானா?" என்று வித்யா மிஸ் கவலையோடு கேட்டார். "அம்மா கையெழுத்து வாங்கிட்டு வா."

சாயங்காலம் கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையை மட்டும் இன்னும் கொடுப்பான். பின்னாலிருந்து அவள் வகுப்பு தினகரன் சைக்கிளில் வந்தான்.

"டேய் கிருபா! உங்கக்கா பையில இன்னா வாங்கினு வந்துகீறா தெரியுமா? முட்டை! இம்மாம் பெரிய முட்டை!"

கிருபா சட்டென்று கையை உருவிக்கொண்டான். அவள் கையைப் பார்த்தான். பையைப் பார்த்தான். தன் உள்ளங்கையை டவுசரில் தேய் தேய் என்று தேய்த்தான். பிறகு ஒரே ஓட்டம்!

"நான் இப்ப இன்னா சொல்ட்டேன்?" என்று தினகரன் முழித்தான்.

வீட்டுக்குள் கிருபா கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான்.

"வராத! பையில முட்டை கீது!"

பவ்யாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதி வழியிலேயே அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தரையில் கவிழ்த்தாள். புத்தகம், டப்பா, தண்ணீர் பாட்டில். கடைசியில் அந்தத் தாள்.

"இதுதான்டா. கணக்கு ஒண்ணுமே போடலன்னா மிஸ் சைபர் போடுவாங்க. அதத்தான் முட்டைன்னு சொல்வாங்க. சும்மா பேருதான். நெஜ முட்டை இல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தன.

"பப்ஸையும் நீ வெஜ்ஜுன்னு சொன்ன" என்றான் கிருபா.

பவ்யா தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளியே ஒரு ரயில் தடதடவென்று போனது.

"ஆமா, சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்டா. மேல முட்டை தடவுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"உனுக்குத் தெரியாதா?" கிருபாவின் தலை வெளியே வந்தது. "நீ அக்காதானே?"

"அக்காவுக்கும் தெரியாதுடா."

"அப்ப வேணும்னு குடுக்கலியா?"

இத்தனை நாளாக அவன் இதைத்தான் மனசுக்குள் வைத்திருந்தான்! யாரும் அவனிடம் கேட்கவே இல்லை.

"சத்தியமா இல்லடா" என்றாள் பவ்யா.

அவன் தவழ்ந்து வெளியே வந்தான். தாளை ஒரு விரலால் தள்ளினான். "இந்த முட்டைய அழிச்சிடு."

"மிஸ் பேனாவுல போட்டது, அழியாது. நீ வேணா வேற எதனா ஆக்கிடு."

பென்சிலை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, வட்டத்தின் தலையில் ஒரு காம்பு வரைந்தான். பக்கத்தில் ஒரு இலை.

"பூசணிக்கா. பூசணிக்கா எனுக்கு ஆவும்" என்றான்.

"பசிக்குதா?"

தலையை ஆட்டினான். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் எதையும் தொட மாட்டேன். நீயே பண்ணு."

டப்பாவிலிருந்து அவலை அவனே அள்ளினான். தண்ணீர் தெளித்தான், தரைக்குப் பாதி, கிண்ணத்துக்குப் பாதி. வெல்லம் போட்டான். பழத்தை உரித்துப் பிசைந்தான். முகர்ந்து பார்த்தான்.

"மொதல்ல நீ சாப்டு."

ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று சொல்லியிருக்கலாம். பவ்யா சொல்லவில்லை.

"நான் சாப்ட்டா ஒண்ணும் தெரியாதுடா. எனக்கு முட்டை ஒத்துக்கும், உனக்குத்தான் ஒத்துக்காது. ஆனா இதுல இன்னா இன்னா கீதுன்னு உனக்கே தெரியும்ல?"

"அவலு. வெல்லம். பழம்." விரல் விட்டு எண்ணினான். ரொம்ப நேரம் யோசித்தான். "கைய கழுவு. சோப்பு போட்டு."

கழுவினாள். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள்.

கிருபா கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். ரொம்பச் சின்னக் குரலில், "பட்டாபிராம்" என்றான்.

பவ்யா ஒரு வாய் ஊட்டினாள். அவன் மென்றான். விழுங்கினான். உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"இந்து காலேஜ்."

"ஆவடி."

அதோடு கிருபாவின் வாய் மூடிக்கொண்டது.

"இன்னாடா, ரயில் நின்னுடுச்சா?"

"சிக்னல் போடல" என்றான் கிருபா.

பவ்யா அவசரப்படுத்தவில்லை.

ஏழு மணிக்கு அம்மா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தைத்தான் தேடினார். பவ்யா கணக்குத் தாளை நீட்டினாள்.

"இன்னாடி இது, பூசணிக்கா?"

"முட்டைம்மா. கிருபாவுக்கு ஆவாதுல்ல, அதான் மாத்திட்டோம்."

அம்மாவுக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

"சாப்ட்டானா?"

"ஆவடி வரைக்கும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூசணிக்காய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"அழாதம்மா" என்றாள் பவ்யா. "அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர்தானே. நம்ம ஊடு."