கதவோரச் சுவிட்ச்

டெரெக் பிக்ஸ்பியின் அலறல் நடைவழி முழுக்கக் கேட்டது.

காலை எட்டேகால். அமெரிக்காவின் டென்னசி மாநிலம். நெடுஞ்சாலை ஓரத்து மேப்பிள் கேட் இன் விடுதி, அறை 218.

அக்காவுக்காக அவரே மாவு ஊற்றிச் சுட்டு எடுத்து வந்த வாஃபிள், தட்டோடு கம்பளத்தில் குப்புறக் கிடந்தது.

கட்டிலில் அக்கா மொரீன். உதடுகள் நீலம். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் இயந்திரம்...

சத்தமே இல்லை!

டெரெக் மெதுவாகத் திரும்பிக் கதவோரச் சுவிட்சைப் பார்த்தார்.

அணைந்திருந்தது. அணைத்தவர் அவர்தான்!

ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். அவருடைய இங்கிலாந்தில், நம் வீட்டைப் போலவே, ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அணைக்காமல் வெளியே போனால் பாதி வழியில் மனசு உறுத்தும். அமெரிக்காவில் அந்தச் சுவிட்ச் கிடையாது. பதிலாகக் கதவோரத்தில் ஒன்று இருக்கும். கட்டிலருகே இருக்கும் பாயிண்டுக்கு அங்கிருந்துதான் கட்டுப்பாடு.

அந்தப் பாயிண்டில்தான் அக்காவின் இயந்திரம்!

இரண்டு அறைகளுக்கும் இடையிலிருந்த கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார், மொரீனின் கணவர் கீத். மனைவியைப் பார்த்தார். டெரெக்கின் பார்வை போன திசையைப் பார்த்தார்.

"மாப்ள... அதை அணைச்சிட்டா போனே?"

டெரெக் தலையை மட்டும் ஆட்டினார்.

"பழக்க தோஷம்டா. உன்மேல தப்பில்ல."

கீத் தோளில் தட்டிக் கொடுத்தார். தட்டத் தட்ட டெரெக் இன்னும் குனிந்துகொண்டே போனார்.

அரை மணி நேரத்தில் டிடெக்டிவ் ஓப்பல் கேல்ஹூன் வந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. டெரெக் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"நான்தான் கொன்னேன் மேடம். எழுதிக்குங்க."

"பொறு கண்ணு. எழுதுறதுக்கு முன்னாடி எனக்குப் புரியணும்."

டெரெக் ஒன்றுவிடாமல் சொன்னார். நுரையீரல் முழுசாகக் கைவிடுவதற்குள் நாஷ்வில் போய்ப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. இயந்திரச் சத்தத்தில் கீத்துக்குத் தூக்கம் வராது. அதனால் அவர் அடுத்த அறையில். துணைக்கு டெரெக் இந்த அறையில். அக்கா தூக்க மாத்திரை போடுவாள், ஒன்பதுக்கு முன் எழ மாட்டாள். ஏழரைக்குத் தான் கீழே போனதையும், மைக்ரோவேவில் தண்ணீர் சுடவைத்து இரண்டு கோப்பை டீ குடித்ததையும் சொன்னார்.

"ரெண்டாவது கோப்பைக்கு நிக்காம வந்திருந்தா பொழைச்சிருப்பா..."



ஓப்பல் கட்டிலருகே மண்டியிட்டார். பிளக் பாயிண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாய்கள். மேல் வாயில் விளக்கு. கீழ் வாயில் இயந்திரம்.

இயந்திரத்தின் பொத்தானை அவர் அழுத்தினார். அது உறுமத் தொடங்கியது. டெரெக்கைக் கதவோரம் போகச் சொன்னார்.

"சுவிட்சைப் போடு."

போட்டார். விளக்கு எரிந்தது.

"இப்ப அணை."

டெரெக் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடியும் அக்காவைக் கொல்வது போல...

"அணை கண்ணு."

அணைத்தார். விளக்கு அணைந்தது.

இயந்திரம்?

உறுமிக்கொண்டே இருந்தது!

"பாயிண்ட் ஒண்ணுதான். ஆனா உள்ளே மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி வயர்," என்றார் ஓப்பல். "சுவிட்ச் மேல் வாய்க்கு மட்டும்தான். கீழ் வாயில எப்பவும் கரண்ட் இருக்கும். எங்க ஊர் வீடுகள்ல இது சகஜம்."

டெரெக் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... நான் கொல்லலியா?"

"விளக்கைக் கொன்னே. அதுக்குக் கேஸ் கிடையாது."

கீத்தின் முகம் வெளிறியது.

வரும்போதே விசாரித்து வைத்திருந்ததை ஓப்பல் நிதானமாக அடுக்கினார். ஏழே முக்காலுக்கு இந்த அறை வாசலில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் இதே உறுமலைக் கேட்டிருக்கிறாள். அப்போது டெரெக் கீழே டீயோடு இருந்ததைச் சமையலறைப் பெண்மணி பார்த்திருக்கிறாள். ஆகவே இயந்திரத்தின் பொத்தானை யாரோ அதற்குப் பிறகுதான் அணைத்திருக்க வேண்டும். வாசல் கதவின் மின்பூட்டு, எந்தச் சாவி அட்டை எப்போது திறந்தது என்பதைப் பதிந்து வைக்கும். ஏழரைக்குப் பிறகு அதில் இருப்பது ஒரே பதிவு. எட்டேகாலுக்கு, டெரெக்குடையது.

"மிச்சம் இருக்கிறது இந்த நடுக்கதவு. அந்தப் பக்கம் இருந்தது நீங்க மட்டும்தான் சார்."



"பதினோரு வருஷம் மேடம், அந்தச் சத்தம்," என்றார் கீத். "அவ அடங்கினதும் மறுபடி போட்டுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவன் வந்துட்டான். வந்தவன் சுவிட்சையே பார்த்துட்டு நின்னான்... சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டெரெக் நிமிர்ந்தார்.

"தட்டிக் கொடுத்தீங்களே மாமா."

கீத் அவரைப் பார்க்கவில்லை. கைவிலங்கு விழுந்தபோது ஓப்பலிடம் மட்டும் கேட்டார்.

"ஜெயில்ல... அமைதியா இருக்குமா?"

"தனி அறையே கேட்டு வாங்கித் தரேன் சார். அங்கேயும் கதவோரம்தான் சுவிட்ச்... என்ன, வெளிப்பக்கம் இருக்கும்!"