வலது கன்னத்தில் ஒரு நிழல்

சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

சித்தூரின் பழைய மிஷன் கோயிலில், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைப் பீரோவைத் திறந்தார் சபைச் செயலாளர் சாந்தகுமார். மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினார். சிவப்பு வெல்வெட்டில் பாத்திரம் உட்கார்ந்திருந்த குழி இருந்தது. பாத்திரம் இல்லை.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, ராப்போஜன ஆராதனை. காணாமல்போனது திராட்சரசம் கொடுக்கும், காம்பு வைத்த, வெள்ளைக்காரர் காலத்து வெள்ளிப் பாத்திரம். சாந்தகுமார் பாட்டுப் புத்தகக் கட்டுகளையும் பழைய அங்கிகளையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் சத்தம் போட்டார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பியும் வளையவில்லை.

ஆறு மணிக்கு அவருடைய போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து மூன்று படங்கள் வந்தன. நேற்று எடுத்தது, உங்கள் பாத்திரம் எங்கே போனதென்று பாருங்கள் என்று தெலுங்கில் ஒரு வரி. மூன்று படத்திலும் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் கமலம்மா, இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு. மூட்டையின் வாயில் வெள்ளி விளிம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சாந்தகுமாருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. படங்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டார். ஆறரை மணிக்கெல்லாம் கமலம்மா ஊரறிந்த திருடி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று.

போதகர் ஜோனத்தானுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவர் சபைப் பெண் ஈவ்லினுக்குப் போன் போட்டார்.

ஈவ்லின் அப்போது சித்தூர் வரும் பஸ்ஸில் இருந்தாள். புத்தலப்பட்டு தாண்டியிருந்தது. அவளுக்குத் திருப்பதியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை. ஏஐயிடம் சொல்லிக் குழந்தைகளுக்கான கதைப் படங்கள் செய்வார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பட்டனைத் தட்டினால் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. சிட்டு என்று ஒரு சிறுமியைப் பற்றிய கதை. முதல் பக்கத்துச் சிட்டுவுக்கு மூன்றாம் பக்கத்தில் அக்கா வயசாகிவிடும். ஐந்தாம் பக்கத்தில் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் வந்து நிற்பாள். அதனால் ஒரே ஒரு நல்ல படத்தைக் கொடுத்து, எல்லாப் பக்கத்திலும் இந்த முகத்தையே பிடித்துக்கொள் என்று மெஷினிடம் சொல்லிவிடுவார்கள். ஸ்டுடியோவில் அதற்குப் பெயர் தாய்ப்படம். ஒரு தடவை தாய்ப்படத்தில் சிட்டுவின் முகவாயில் சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிட்டு குளித்தாள், ஆற்றில் நீந்தினாள், தூங்கி எழுந்தாள். பருக்கை மட்டும் விழவே இல்லை. முதலாளி ஒரு வாரம் ஈவ்லினைப் பருக்கை என்றே கூப்பிட்டார்.

"நீ இந்த வேலை செய்யறவளாச்சே, கண்ணு. படம் நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு" என்றார் போதகர்.

ஈவ்லின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலாவது, வெஸ்ட்ரி வாசல். வெயில் கமலம்மாவின் இடப்பக்கம், வலது கன்னத்தில் நிழல். இரண்டாவது, கோயில் கேட். வெயில் வலப்பக்கம். மூன்றாவது, பங்காருபாளையத்தில் ஓர் அடகுக் கடை. டியூப் லைட் நேர் எதிரில். முகம் மூன்றிலும் அச்சு அசல், அதே மூக்குத்தி, அதே கன்னத்து நிழல்.

"காலையில நேர்ல வந்து சொல்றேன் ஐயா" என்றாள்.

ஞாயிறு, காலை ஏழரை மணி.

கமலம்மாவைக் கேட்டுக்குள் விடவில்லை. வெளியே புங்க மரத்தடியில் குந்தியிருந்தாள். ஈவ்லினைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது.

"பாப்பா, நான் அத தொட்டுத் தொடைக்கிறதோட சரி. செகரட்டரி ஐயா தொறந்தாத்தான் அந்த ரூமுக்குள்ளயே போவேன். வெள்ளிக்கெழம பகலு பூரா ஊட்ல துணி தொவைச்சிக்கினு இருந்தேன், சாயங்காலந்தான் சம்பளம் வாங்க வந்தேன். போட்டோவுல நான் எப்பிடி வந்தேன்?"

"வீட்ல வேற யாரு இருந்தாங்க?"

"யாரு இருப்பாங்க? புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடிச்சிங்க."

"அழாதீங்க கமலக்கா. கொஞ்சம் நிமிருங்க."

ஈவ்லின் அவள் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். பிறகு மறுபக்கம். ஒரு மருவில்லை, மச்சமில்லை. கண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது.

"ஒரு வாட்டி ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தா எந்த மண்டியில என்னச் சேத்துப்பாங்க? மாங்கா சீசன்ல ரெண்டு மாசம் பங்காருபாளையம் மண்டியில காய் பிரிச்சித்தான் என் புள்ளைங்களுக்குப் பீஸ் கட்டறேன். போன மாசந்தான் இங்க திரும்பி வந்தேன். அதுக்குள்ள இப்பிடி."

"இங்க உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும்?"

"ஆகாதவங்க இன்னா, என்னை ஆருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. கிளாட்வின் தம்பி ஒண்ணுதான் நின்னு பேசும். மாங்காக் காலத்துல மருந்துகூட வாங்கிக் குடுத்துச்சி. தங்கமான புள்ள."

ஈவ்லின் எழுந்து உள்ளே போனாள். சாந்தகுமார் வெஸ்ட்ரி வாசலில் காவல் தெய்வம்போல் நின்றிருந்தார்.

"ஸ்தோத்திரம் அங்கிள். பீரோ சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்ட. பதினேழு வருஷமா என் இடுப்பை விட்டு இறங்கினதில்லை."

"வேற யாரும்?"

"ஒருத்தரும் தொட்டதில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, சபையில் மைக் செட்டும் வீடியோவும் பார்த்துக்கொள்ளும் கிளாட்வின் ஓடி வந்தான். "அங்கிள், மைக் எடுக்கணும்." சாந்தகுமார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவன் கையில் போட்டுவிட்டு ஈவ்லினிடம் திரும்பினார். "என்ன கேட்டே?"

"ஒண்ணுமில்லை அங்கிள்."

கிளாட்வின் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தான். கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்காத முகம்.

"அக்கா, நான்கூட மொதல்ல ஏஐ வேலையோன்னுதான் பாத்தேன். ஆனா ஏஐன்னா ஒவ்வொரு படத்துலயும் மூஞ்சி மாறிப்பூடும் இல்ல? இதுல மூணும் ஒரே மூஞ்சி. மூக்குத்திகூட மாறல."

"ஆமா, மாறல" என்றாள் ஈவ்லின். "நல்லாக் கவனிச்சிருக்கே."

அவனுக்கு ஏன் வியர்க்கிறது என்று அவள் அப்போது கேட்கவில்லை. ஆராதனை மணி அடித்துவிட்டது.

பதினோரு மணி.

ராப்போஜனம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. ஜனங்கள் கலைந்ததும் வெஸ்ட்ரியில் நான்கு பேர். போதகர், புகார் மனுவோடு சாந்தகுமார், ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கிளாட்வின், ஈவ்லின். அவள் போய்க் கமலம்மாவையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"இவளை எதுக்கு இங்கே..." சாந்தகுமார் ஆரம்பித்தார்.

"ரெண்டு நிமிஷம் அங்கிள். இந்தப் படம் என்னிக்கு எடுத்ததுன்னு வந்திருக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை கமலக்காவை நீங்க பாத்தீங்களா?"

"சாயங்காலம் சம்பளம் கொடுத்தேனே."

"இப்போ இவங்க முகத்தைப் பாருங்க. படத்தையும் பாருங்க. வலது கன்னம்."

சாந்தகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டத்தில் பிடித்தார். "நிழல்தானே?"

"முதல் படத்துல வெயில் இந்தப் பக்கம் இருந்து வருது, நிழல்னு சொல்லலாம். ரெண்டாவதுல அந்தக் கன்னத்து மேலேயே வெயில் அடிக்குது. மூணாவதுல லைட்டு மூஞ்சிக்கு நேரா எரியுது. அப்பவும் கறுப்பு போகல. வெளிச்சம் எங்கெங்கயோ போகுது, நிழல் மட்டும் ஒரே இடத்துல உக்காந்திருக்கு. அது நிழல் இல்ல அங்கிள். தோல்ல இருந்த கறை."

"இவளுக்குக் கறை எதுவும் இல்லையே!"

"அதைத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை நீங்க பாத்த முகத்துலயும் இல்ல."

போதகர் கையை நீட்டிப் போனை வாங்கிப் பார்த்தார். ஒயர் சுற்றும் சத்தம் நின்றிருந்தது.

"இது மூணுமே ஒரு போட்டோவைத் தாய்ப்படமா வெச்சு மெஷின்ல செஞ்சது. முகத்தைப் பிடிச்சுக்கோன்னு சொன்னா அதுக்கு எது முகம், எது அழுக்குன்னு தெரியாது. எல்லாத்தையும் பிடிச்சுக்கும். எங்க சிட்டு சோத்துப் பருக்கையோட ஆத்துல நீந்தினா. அதனால கேள்வி ஒண்ணுதான். கமலக்கா கன்னத்துல கறை இருந்த நாள்ல அவங்களைப் போட்டோ எடுத்தது யாரு?"

அவள் கமலம்மா பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"அக்கா, மாங்காய் சீசன்ல மருந்து எதுக்குப் போட்டீங்க?"

"சொனை பட்டுச்சி பாப்பா. காம்பு கிள்ளறப்போ மாங்காப் பால் பீச்சிக்கினு கன்னத்துல அடிச்சிட்ச்சி. பொத்துப் போயி கறுப்பா ஆயிடிச்சி. சீ, எம்மாம் அசிங்கமா இருந்திச்சி தெரியுமா? ஆறுற வரைக்கும் முந்தானையால மூடிக்கினே இருந்தேன்."

"கோயிலுக்கு வந்தீங்களா?"

"ஒரே நாளு. இன்னும் கொஞ்ச நாளு லீவு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். செகரட்டரி ஐயா இல்ல. கிளாட்வின் தம்பி கேட்டாண்ட நின்னுக்கினு இருந்திச்சி. இன்னா கமலம்மா மூடிக்கினு கீறேன்னு கேட்டுச்சி. காட்டினேன். பாவம், அதுக்கே கண்ணு கலங்கிடிச்சி. போட்டோ எடுத்து அது பிரெண்டு மெடிக்கல் ஷாப்பு பையனுக்கு அனுப்பி, மருந்து வாங்கியாந்து குடுத்துச்சி. துட்டுகூட வாங்கல." அவள் சாந்தகுமாரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த மாரி புள்ள இருக்கற கோயில்ல நான் திருடுவனா ஐயா?"

அவனுக்காகச் சாட்சி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். மற்ற மூன்று பேரும் கிளாட்வினைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த ஒயர்ச் சுருள் தரையில் விழுந்தது.

"கமலக்காவோட வேற போட்டோ உன்கிட்ட இருந்திருக்காது" என்றாள் ஈவ்லின். "சாவியும் மைக் எடுக்கறப்போ எல்லாம் உன் கைக்கு வருது. அங்கிளுக்கு அது கொடுக்கற மாதிரியே தெரியறதில்ல. பாத்திரம் எங்க?"

சாந்தகுமார் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திருப்பதியில" என்றான் கிளாட்வின். "திருடல அக்கா. சத்தியமா திருடல. சபை சேனலுக்கு வீடியோ எடுக்கலாம்னு வெளிய கொண்டாந்தேன். படிக்கட்டுல விழுந்து காம்பு ஒடஞ்சிட்ச்சி. வெள்ளிப் பத்தர் ஒருத்தர்கிட்ட ஒட்டக் குடுத்திருக்கேன். சனிக்கெழம தரேன்னாரு, திங்கக்கெழம ஆக்கிட்டாரு. அதுக்குள்ள அங்கிள் பெட்டியத் தொறந்துட்டாரு. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. வேற சிம்முல இருந்து படம் அனுப்பி யார் மேலயாச்சும் போட்டுட்டா ரெண்டு நாள் தள்ளும், அப்பறம் பாத்திரத்த கேட்டாண்ட வெச்சிடலாம்னு..."

"யார் மேலயாச்சும்னா, என் மேலயா?" என்றாள் கமலம்மா.

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கிளாட்வின் அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஈவ்லினுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வழக்கை அவிழ்த்துவிட்ட சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. மருந்து வாங்கிக் கொடுத்ததும் இந்தக் கைதான், படத்தைச் செய்ததும் இந்தக் கைதான்.

சாந்தகுமார் புகார் மனுவில் பெயரை அடித்து மாற்றப் பேனாவை எடுத்தார். கமலம்மா தடுத்தாள்.

"போலீசு வேணாம் ஐயா. எனக்கு ரெண்டு வேணும். என் படத்தப் போட்ட எடத்துல இந்தத் தம்பி அது வாயாலயே நடந்தத சொல்லணும். இன்னிக்கே. அப்பறம், பாத்திரம் வந்ததும் நான்தான் அத உள்ள கொண்டாருவேன். எல்லாரும் குந்தினுக்கீறப்போ, பெரிய வாசல் வழியா."

"சபையில அப்படி ஒரு வழக்கம்..." என்று சாந்தகுமார் இழுத்தார்.

"வழக்கத்துல இல்லாததை நேத்து சாயங்காலமே செஞ்சுட்டோம் செகரட்டரி" என்றார் போதகர். "இதையும் செய்யலாம்."

சாந்தகுமார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு கமலம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "படத்தை அனுப்பினது நான்தாம்மா. பார்த்ததும் அனுப்பிட்டேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும். மன்னிச்சிடு."

கிளாட்வின் அன்று மத்தியானமே போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிக் குழுவில் போட்டான். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போய்ப் பாத்திரத்தை வாங்கி வந்தான். ஒட்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது.

அடுத்த ஞாயிறு.

பாட்டு முடிந்து கோயில் அமைதியானதும் பெரிய கதவு திறந்தது. கமலம்மா நீலப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு மொத்தச் சபையும் எழுந்தது. நடுவில் ஒரு தடவை அவள் நடை தடுமாறியது. ஓரத்தில் மைக் பக்கம் நின்றிருந்த கிளாட்வின் தலையைத் தூக்கவே இல்லை. "தம்பி, பாட்டுப் போடு" என்று அவள் சத்தமில்லாமல் வாயசைத்தாள். அவன் போட்டான். ஈவ்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆராதனைக்குப் பின் சாந்தகுமார் தன் கையால் எடுத்த படத்தைக் குழுவில் போட்டார். ஈவ்லின் அதைக் கமலம்மாவிடம் காட்டினாள். படத்தில் கமலம்மாவின் கண் மூடியிருந்தது. வாய் கோணியிருந்தது. கை ஆடிப் பாதி முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

"ஐயே, இன்னா பாப்பா இது, தூங்கறவ மாரி கீறேன்!"

"வேணும்னா சரி பண்ணிடட்டுமா அக்கா? ரெண்டு நிமிஷ வேலை."

கமலம்மா போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். சிரித்தாள்.

"வேணாம், உடு. அது நான்தான்."