இரண்டாவது டாஸ்க்

அவள் எழுதியது ஒரே ஒரு டாஸ்க். திரையில் இரண்டு இருந்தன.

உள்ளங்கையளவு புது சர்க்யூட் போர்டு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, பல வேலைகளில் எது அவசரமோ அதற்கு முதலில் வழிவிடும் சின்ன இயங்குதளத்தை அதில் ஏற்றியிருந்தாள். பச்சை விளக்கை விட்டுவிட்டு எரியவைப்பதுதான் அவள் கொடுத்த வேலை. அது ஒழுங்காக நடந்தது. ஆனால் அதற்குக் கீழே பெயரில்லாமல் இன்னொன்று. இயங்குதளம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் டாஸ்க்குகளைக் கழித்துவிட்டுத்தான் பார்த்தாள். முன்னுரிமை: கடைசி. நிலை: காத்திருக்கிறது.

சிப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் இருந்தது.

மழை மூடிய சாயங்காலம். ஈரச்சுவர் வாசனையும் புது பிளாஸ்டிக்கின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. சமையலறையில் கணவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"லைட்டைப் போட்டுக்கோயேன், கண்ணு கெட்டுடும்" என்றான் அங்கிருந்தே.

"போட்டுக்கறேங்க."

"ஆமா, அந்த ஆஸ்பத்திரி நர்ஸை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாமே. நான் கண்ணே மூடலைன்னு அழுதுச்சாம், பாவம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவிக்கு உள்ளே ஓடும் நிரல் அவளுடையது. மூச்சு நின்றால் அது அலற வேண்டும். கருவியை வாங்க வந்தவர்கள் முன்னால் திரையில் மூச்சுக் கோடு விக்கி விக்கி ஓடுகிறதென்று மேலாளர் சிடுசிடுத்தபோது, கோடு வரையும் டாஸ்க்கை மேலே ஏற்றி, அலாரத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். மறந்துபோனாள். ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றபோது கோடு வழுக்கிக்கொண்டு நேராக ஓடியது. அலாரம் தன் முறை வரும் வரும் என்று காத்திருந்தது. நர்ஸ் தூங்கிவிட்டாள் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். இவளோ தன் நிரலைச் சத்தமில்லாமல் திருத்தினாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

போர்டிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. அதில் ஸ்பீக்கர் கிடையாது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். காய்ந்த தொண்டை காற்றுக்குத் தவிப்பதுபோல ஒரு இழுப்பு. நின்றது. மறுபடியும் இழுப்பு.

கேபிளைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணையவில்லை. திரையில் வரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. காத்திருக்கிறது. காத்திருக்கிறது. காத்திருக்கிறது.

ஓடிப்போய்விடலாம் என்றுதான் தோன்றியது. கைகள் வேறொன்று செய்தன. அந்தப் பெயரில்லாததன் முன்னுரிமையை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றின.

"இப்பவாவது" என்று முணுமுணுத்தாள்.

நிலை: ஓடுகிறது.

பச்சை விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் அறுந்தது. அவளுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது.

பிறகு படுக்கையறையிலிருந்து அழுகை. அலாரம் இல்லை. அழுகைதான். பூனைக்குட்டியின் குரலைவிட மெலிதாக.

சமையலறைக் குழாய் நின்றது. கணவன் ஈரக்காலோடு அவளைத் தாண்டிப் போனான். தயங்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. தினமும் போகிறவன்போலப் போனான்.

அழுகை தேய்ந்தது. அடங்கியது.

"என்னங்க?"

உள்ளே எதையோ மெல்லத் தட்டும் சத்தம்.

அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறை வாசற்படி வரை நடந்தாள். அறை இருட்டு. ஆஸ்பத்திரி மருந்து நெடி. அவன் கட்டிலோரம் நின்று, துண்டில் சுற்றிய எதையோ தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு நிறைவு.

"சத்தம் போடாத" என்றான் கிசுகிசுப்பாக. "இப்பத்தான் தூங்குச்சு."

துண்டின் அடியில் கட்டைவிரலளவு இரண்டு பாதங்கள் தொங்கின. நீலமாக. அவன் தட்டும்போதெல்லாம் ஆடின.

"நீ கொஞ்சம் வெச்சுக்கோ. உன்னைத்தான் தேடுது."

அவன் நீட்டினான். அவள் கைகள் அவளைக் கேட்காமலே நீண்டன. ஈரத்துணிபோலச் சில்லென்று அந்தக் கனம் மார்பில் வந்து விழுந்தது. துண்டு விலகியது. தூங்கவில்லை அது. கண்களை அகலத் திறந்து, வாயைத் திறந்து, மூச்சே இல்லாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.