இறந்தவர் ஆன்லைனில் இருக்கிறார்

கைப்பையில் பர்ஸ் இல்லை.

அவள் பையை மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, சாவிக்கொத்து, மடக்குக் குடை, தலைவலி மாத்திரை, பாதி கரைந்த மிட்டாய். மூக்குக் கண்ணாடிக் கடையின் மேசையில் அவளுடைய சொத்தெல்லாம் பரவிக் கிடந்தது. பர்ஸை மட்டும் காணோம்.

அது அவளுடைய பர்ஸும் அல்ல. மூன்று மாதங்களுக்கு முன் இறந்துபோன அவள் கணவருடையது. அவருடைய அட்டைகளோடு தன் வங்கி அட்டையையும் அதிலேயே போட்டுக்கொண்டு தினமும் சுமந்து வந்தாள். பர்ஸின் உள்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்று உண்டு. ஜன்னலுக்குள் அவருடைய சிறிய புகைப்படம். ஜன்னலின்மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்காக. நாள் முழுக்கக் கண்ணாடி துடைக்கிறவள் அதை மட்டும் துடைத்ததே இல்லை.

"என்னம்மா தேடுறே?" உள்ளறையிலிருந்து கூட்டாளி எட்டிப் பார்த்தார். கடையில் அவள் கணவருக்குப் பாதி, இவருக்குப் பாதி. கண் பரிசோதித்து லென்ஸ் வெட்டுவது இவர் வேலை. தெருவே இவரை 'டாக்டர்' என்று கூப்பிடும். இவர் டாக்டர் இல்லை. மறுத்ததும் இல்லை.

"பர்ஸைக் காணோம்ணே. பஸ்ல யாரோ அடிச்சுட்டாங்க போல."

"ஐயையோ! மாடிக்குக் கண்ணாடி குடுக்கப் போனியே, அங்க விட்டியா?"

"பையைத்தான் இங்க மாட்டிட்டுப் போனேனே."

வங்கிக்குப் போன் செய்ய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோதே கட்டடக் காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் பர்ஸ்.

"மாடிப்படியில கிடந்துச்சும்மா. உள்ள சாரோட படம் இருந்ததால நேரா இங்க கொண்டாந்தேன். எண்ணிப் பாத்துக்கோங்க, அப்புறம் என் தலையை உருட்டாதீங்க."

பார்த்தாள். பணம் அப்படியே இருந்தது. அட்டைகளும் இருந்தன. புகைப்படத்தில் அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக அவர் பார்த்து வெகுநாளாயிற்று என்று தோன்றியது. எதனால் அப்படித் தோன்றுகிறது என்று தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஏதோ சில்லென்று இறங்கியது. பர்ஸை மூடிவிட்டாள்.

"கிடைச்சுடுச்சுல்ல, விடு" என்றார் டாக்டர். "இனிமே எதுக்கு அட்டையை முடக்கிக்கிட்டு? புது அட்டை வர்றதுக்குள்ள உயிர் போயிடும்."

அவள் போனைக் கீழே வைத்தாள்.

மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், போனை எடுத்தாள். கணவருக்குச் செய்தி அனுப்புவது அவளுக்கு வழக்கம். உயிரோடு இருந்தபோது அல்ல, இறந்த பிறகு. 'இன்னிக்கு மழை.' 'உங்க செருப்பை இன்னும் எடுக்கல.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒற்றைச் சாம்பல் டிக் விழும். போனது, சேரவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. அதற்காகவே அந்த எண்ணுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தாள்.

இன்றும் திரையைத் திறந்தாள்.

கடந்த சில வாரங்களாக அவள் எழுதிய அத்தனைக்கும் பக்கத்தில் இரட்டை டிக். எல்லாம் நீலம். யாரோ படித்திருக்கிறார்கள்.

மேலே, அவர் சிரிக்கும் படத்துக்குப் பக்கத்தில், 'ஆன்லைன்' என்று இருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தச் சொல் மாறியது. 'டைப் செய்கிறார்...' சில நொடிகள் அப்படியே நின்றது. பிறகு அதுவும் மறைந்தது. செய்தி எதுவும் வரவில்லை.

தெருவைக் கடந்து எதிரே இருந்த பேருந்து நிழற்குடைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டாள். கணவரின் அக்கா, வங்கியின் புகார்த் தொலைபேசியில் காலமெல்லாம் உட்கார்ந்து, தொலைந்த அட்டைகளை முடக்கி ஓய்வு பெற்றவள்.

"அண்ணி... அவர் ஆன்லைன்ல இருக்கார்."



"அழாதே. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். அவன் சிம் எங்க?"

"பர்ஸ்ல. போட்டோவுக்குப் பின்னால."

"எடுத்துப் பாரு."

புகைப்படத்தை வெளியே இழுத்தாள். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"இல்ல அண்ணி. காலையில பர்ஸ் காணாமப் போச்சு, காவலாளி படியிலேர்ந்து எடுத்துக் குடுத்தான்."

"சரி. பர்ஸ் காலையில தொலைஞ்சு திரும்பி வந்ததுன்னு இப்பத்தான் சொல்றியா? திரும்பி வந்த பர்ஸைத்தான்டி முதல்ல சந்தேகப்படணும். வெளியே போயிட்டு வந்த அட்டை எல்லாத்தையும் யாராவது நகல் எடுத்திருப்பாங்கன்னு வெச்சுக்கணும். உன் அட்டையை நீ முடக்கு. அவன் நம்பரை நான் முடக்கறேன். திருடன் யாருன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல கதவைச் சாத்துவோம். உன் தம்பியையும் வரச் சொல்லு, அந்தப் பழைய போனோட."

நாத்தனார் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருந்தன. வங்கி அட்டைகள் முடக்கம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மாற்றம். இறந்தவரின் எண்ணில் இனி அழைப்பும் வராது, குறுஞ்செய்தியும் வராது. அவள் நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். அத்தானின் போன் இப்போது அவனிடம், அவனுடைய எண்ணோடு இருந்தது. சிம்மைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தவனும் அவன்தான்.

"சிம் எங்க இருக்குன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, இவனுக்கு" என்றாள் அவள்.

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதீங்க. அத்தான் செத்ததுலேர்ந்து நான் ஒழுங்காத்தான் இருக்கேன்."

"தெரியும்டா. நீ எடுத்திருந்தா உள்ள இருந்த பணம் திரும்பி வந்திருக்குமா?"

"இதைவிட நீங்க என்னைத் திருடன்னே சொல்லியிருக்கலாம்" என்று அவன் முனகினான். அழுதுகொண்டிருந்தவள்கூட லேசாகச் சிரித்துவிட்டாள்.

"வேற யாரு?"

அவள் யோசித்தாள். "ஒருநாள் கடையில வெச்சு அந்த சிம்மை வெளிய எடுத்துத் துடைச்சேன். துரு பிடிச்சுடுமோன்னு. அப்போ டாக்டர் இருந்தார். யாரோ ஒரு கஸ்டமரும் இருந்தாங்க. காவலாளியும் தண்ணி பிடிக்க வந்திருந்தான்னு நினைக்கிறேன்."

"பணத்தைத் தொடாதவன் பணத்துக்கு வரலை. அந்த நம்பரை வெச்சு வேற யாரு அவன்கிட்ட பேசுவாங்க?"

"கடை கட்டடத்தோட சொந்தக்காரர். வெளிநாட்டுல இருக்கார். முகத்தைக்கூட நாங்க பார்த்ததில்ல. குத்தகை சம்பந்தமா எல்லாமே என் வீட்டுக்காரர் நம்பருக்குச் செய்தி அனுப்பித்தான் பேசுவார்."

"அவருக்கு இவன் செத்தது தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல. இந்த வாரம் குத்தகை புதுப்பிக்கணும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம், இல்லைன்னா குழப்பம் வரும்னு டாக்டர் சொன்னார். எனக்கும்... யார்கிட்டயும் சொல்ல வாய் வரல அண்ணி. போன் கம்பெனிக்குச் சொல்லல. எங்கேயும் சொல்லல."

ஆக, காகிதத்தில் அவர் உயிரோடுதான் இருந்தார். அந்தக் குத்தகையில் அவர் பெயர் இருந்தால்தான் அவளுக்குக் கடை. கடை போனால் அவளுக்குச் சோறு இல்லை.

கட்டட உரிமையாளரின் எண் பழைய போனில் இருந்தது. நாத்தனார் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அடடே, அவரோட அக்காவா?" குரலில் கனிவு இருந்தது. "இப்பத்தானே அவர்கிட்ட பேசினேன்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குரல்லயா பேசினார்?"

"இல்லம்மா, எழுதினார். உடம்பு ரொம்ப முடியலையாம். பேசவே கஷ்டமா இருக்காம். குத்தகையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க, நான் ஓய்வெடுக்கப் போறேன்னு எழுதியிருந்தார். உறுதிப்படுத்த அவர் நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்பினேன். இன்னும் பதில் இல்ல. தூங்கறார் போல. எழுப்பாதீங்க."

தம்பி நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். 

நாத்தனார் மட்டும் நிதானமாக, "அவன் மூணு மாசத்துக்கு முன்னாலேயே போயிட்டான் ஐயா" என்றாள். "அந்தக் குறியீட்டை ரத்து பண்ணிடுங்க. யார் எழுதினாலும் எதையும் மாத்தாதீங்க. உங்களுக்கு வந்ததை அழிக்காம வெச்சிருங்க."

போனை வைத்த பிறகு பர்ஸை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த ஜன்னலை எப்போ துடைச்சே?"

"நான் துடைக்கவே மாட்டேன் அண்ணி, அதுல அவரோட..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் தன் முதுகில் இறங்கிய சில்லிப்பு எதனால் என்று இப்போதுதான் புரிந்தது. புகைப்படத்தின்மேல் மூடுபனியாகப் படிந்திருந்த ரேகை இல்லை. அதனால்தான் அவர் அவ்வளவு தெளிவாகப் பார்த்தார்.

"காவலாளி துடைச்சிருப்பானோ?" என்றான் தம்பி.

"அவன் சட்டைப் பொத்தானே எண்ணெயில மின்னும்டா" என்றாள் நாத்தனார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கு அப்பால் கடையின் முகப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"வாங்க போகலாம். கடைக்குள்ள யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா நீ."

டாக்டர் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, வாங்க. தம்பியைப் பறிகொடுத்துட்டு எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. நல்ல கண்ணாடி ஒண்ணு வேணும்." பையிலிருந்து தன் பேருந்துப் பாஸை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறைபோட்ட பழைய பாஸ். "இதுல பேர் எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க. இதைக்கூடப் படிக்க முடியல."

டாக்டர் பாஸை வாங்கினார். மேல்பாக்கெட்டிலிருந்து மெல்லிய துணியை எடுத்தார். "வயசுக்கு இது சகஜம்மா" என்று பேசிக்கொண்டே உறையை இரண்டு பக்கமும் வட்டமாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு முறை துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

 அவர் கையில் துணி இன்னும் இருந்தது.

"உங்களுக்கு அது தெரியறதுகூட இல்ல, இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"எது?"

"தான் லென்ஸ்ல விரல் வெச்சா நீங்க திட்டுவீங்கன்னு என் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எந்தக் கண்ணாடி கைக்கு வந்தாலும் துடைக்காம உங்களால கீழ வைக்க முடியாது. இவளை மாடிக்கு அனுப்பினீங்க. பையிலேர்ந்து பர்ஸை எடுத்தீங்க. சிம்மை உருவறதுக்குள்ள இவ படியில இறங்கற சத்தம் கேட்டிருக்கும். திரும்பப் பையில வைக்க நேரமில்ல. அதனால அப்புறமா படியில போட்டீங்க. பணத்தோட கிடைச்சா இவ எதையும் முடக்க மாட்டான்னு கணக்கு. எல்லாம் சரியாத்தான் பண்ணீங்க. போட்டோவைத் திரும்ப வெச்சப்போ மட்டும், பழக்கதோஷம், ஜன்னலைத் துடைச்சுட்டீங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. "துடைச்சதெல்லாம் ஒரு சாட்சியா?"

"சாட்சி வெளிநாட்டுல இருக்கார். செத்தவன் அவருக்கு எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு. மிச்சம், நீங்க சிம்மைப் போட்ட அந்தப் போன். நீங்களே குடுத்துட்டா நல்லது. போலீஸ் வந்து தேடினா ஒவ்வொரு லென்ஸையும் கையில எடுத்துப் பார்ப்பாங்க. எல்லாத்துலயும் ரேகை."

டாக்டர் துணியை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு உள்ளே போனார். தம்பி கூடவே போனான். கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி ஒரு சின்னப் போனை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"அவன் வாசல்ல நின்னு பேசியே பேர் வாங்கினான். நான் இருட்டறையில உட்கார்ந்து இத்தனை வருஷம் எழுத்துக் காட்டினேன். பாதிக் கடை, செத்துப்போன ஒருத்தன் பேர்ல இருக்கு. என்னால தாங்க முடியல."

"உயிரோட இருக்கிற ஒருத்தி பேர்ல இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?" என்றான் தம்பி.

அவள் அதுவரை பேசவில்லை. இப்போது கேட்டாள்.

"நான் அவருக்கு எழுதினதை எல்லாம் படிச்சீங்களாண்ணே?"

"அதுவா வந்து விழுந்துச்சும்மா. ரெண்டு மூணுதான்..."

"எல்லாம் நீலமா இருக்கு."

அவர் துணியை மறுபடி கையில் எடுத்தார்.

"ஏதோ டைப் பண்ணீங்களே. என்ன எழுத வந்தீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "அந்தச் செருப்பை எடுத்துடும்மான்னு" என்றார் மெதுவாக. "எழுதினேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

தம்பி போலீஸுக்குப் போன் செய்தான். வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனை எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துப் போனார்கள். தம்பியும் கூடப் போனான்.

கடையில் பெண்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நம்பர் முடங்கித்தான் இருக்கு" என்றாள் நாத்தனார். "நாளைக்கே புது சிம் வாங்கி அதே நம்பரை எழுப்பலாம். இல்லைன்னா ஆள் இறந்துட்டார்னு சொல்லி நிரந்தரமா மூடலாம். அப்படி மூடிட்டா எவனும் அவன் பேர்ல ஆட முடியாது. ஆனா அவன் நம்பர் போயிடும். உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்."

அவள் யோசித்தாள். இனி அந்த எண்ணுக்கு என்ன எழுதினாலும், இருட்டறையில் யாரோ உட்கார்ந்து படிப்பதாகத்தான் தோன்றும். அதோடு, குத்தகையில் தன் பெயர் ஏற வேண்டுமானால் அவர் பெயர் இறங்கியாக வேண்டும்.

தொலைபேசி நிறுவனத்தை அவளே கூப்பிட்டாள்.

"வணக்கம், என்ன உதவி வேணும்?" ஒரு இளம்பெண்ணின் குரல்.

"ஒரு இணைப்பை மூடணும்."

"காரணம் தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"என் வீட்டுக்காரர் இறந்துட்டார்."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை.

பக்கத்தில் ஏதோ ஓசை கேட்டுத் திரும்பினாள். ஊரார் அழுகையை எல்லாம் குரல் மாறாமல் தொலைபேசியில் கேட்டுத் தீர்த்த நாத்தனார், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். எட்டி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க, வேற என்ன கேக்கணும்?"