மேலே போனால் வலிக்காது

மூன்றாவது முறை கேட்டபோதுதான், அந்தத் தட்டும் சத்தம் தன் வயிற்றுக்குள் மட்டும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு. பாதையின் மேல்பக்கம், பதினொரு மணிக்கே மரங்களை விழுங்கிவிட்டிருந்த பனிமூட்டத்துக்குள் எங்கோ, கல்லின் மேல் கல்லை வைத்து யாரோ பொறுமையாகத் தட்டுவதுபோல் அது கேட்டது. ஓய்ந்த மறுகணம் அவளுடைய விலாவுக்குக் கீழே, உள்ளிருந்து, அதே கணக்கில் மூன்று உதை.

அவளுக்கு ஆறாம் மாதம். "மூச்சு வாங்காத அளவுக்கு நடங்க, நல்லதுதான்" என்று டாக்டரே சொல்லியிருந்தார். குழந்தை பிறந்துவிட்டால் நாலு பேரும் சேர்ந்து எங்கே வெளியே போவது என்று பிடிவாதம் பிடித்து இந்த மலைக்குக் கூட்டிவந்தவள் வக்கீல். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் சிநேகிதி, வாயைத் திறந்தால் எதிரிலிருப்பவர் தோற்றுத்தான் ஆகவேண்டும், அதனால் அந்தப் பட்டப்பெயர். வக்கீலின் கணவன் ஆறேகால் அடி உயரம் என்பதால் எல்லோருக்கும் ஒட்டகம். தண்ணீரையும் பழங்களையும் சுமந்துகொண்டு அவன் முன்னால் நடந்தான். அவளுடைய கணவன் அவளை ஒட்டியே வந்து, பத்தடிக்கு ஒருதரம் "முடியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"உதைக்குதா?" வக்கீல் அவள் வயிற்றில் கை வைத்தாள். "அம்மாடி, மேளமே அடிக்குதுடீ!"

"தள்ளு, நான் பாப்பாகிட்ட பேசறேன்" என்று ஒட்டகம் தன் ஊன்றுகோலால் பாறையில் தட்டினான். இரண்டு, ஒன்று.

உள்ளே அசைவில்லை.

"பாத்தியா, இப்பவே என்னை மதிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். உடனே உள்ளிருந்து பதில் போனது.

"யாரோ மரம் வெட்டறாங்க" என்றான் கணவன்.

ஒன்பது வருஷமாக ஸ்கேன் அறையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் திரையில் பார்த்தவள் அவள். எந்தக் குழந்தை எப்படிப் புரளும், எப்போது விக்கும், எப்போது கட்டைவிரலைச் சூப்பும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாருக்கோ பதில் சொல்லும் குழந்தையை அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, திரும்பிடலாம்."

யாரும் மறுக்கவில்லை. வக்கீல்கூட வாதாடவில்லை. வந்த வழியே இறங்கத் திரும்பினார்கள். அவள் முதல் அடியைக் கீழே வைத்தாள். யாரோ உள்ளிருந்து இரண்டு குதிகாலையும் ஊன்றி முதுகுத்தண்டை மேல்நோக்கி இழுத்ததுபோல் ஒரு வலி. அலறிக்கொண்டு உட்கார்ந்தாள். ஈர இலைகளின் வாடை மூக்கில் ஏறியது. கணவன் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினான். இன்னோர் அடி கீழே. அதே வலி, இன்னும் ஆழத்தில். கால் தடுமாறி, விழாமல் இருக்கப் பின்னால் ஓர் அடி ஏறினாள்.

வலி நின்றது. சுத்தமாக. சுவிட்சை அணைத்ததுபோல்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேலே கூப்பிடும் சத்தத்திடம் போகத்தான் குழந்தை இழுக்கிறது.

போனில் சிக்னல் இல்லை. ஒட்டகம் சுற்றுமுற்றும் பார்த்தான். "மேல ஒரு கொட்டகை இருக்குன்னு கீழ பலகையில போட்டிருந்துச்சு, பத்து நிமிஷம்தான். அங்க படுக்க வெச்சுட்டு நான் ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

"வேணாம்" என்றாள் அவள். "மேல வேணாம்."

"கீழ போனா வலிக்குதுல்ல?"

"வலிக்கட்டும். என்னைக் கீழ இழுத்துட்டுப் போங்க. நான் கத்துனாலும் விடாதீங்க."

கணவன் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டான். பயந்துபோயிருந்த அவன் முகத்தில் அத்தனை அன்பு இருந்தது. "வலியில ஏதோ பேசறா" என்றான் மற்றவர்களிடம்.

ஒட்டகம் தோளைப் பிடித்தான், கணவன் காலைப் பிடித்தான். அவள் உதறினாள். வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டு, "அடம்பிடிக்காதடீ, என் செல்லம்ல" என்றாள். அடிக்கு அடி அவள் மேலே போனாள். அடிக்கு அடி உடம்பு லேசானது. கடைசியில் கத்துவதற்குக்கூட வலி மிச்சமில்லை. தன் உடம்பே தன்னை விட்டுக்கொடுப்பதை, தொட்டிலில் கிடப்பவள்போல் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் கிட்டே வந்தது. இடது பக்கம். தலைக்கு மேல். காதருகே.

கொட்டகை வந்தது. நாலு தூண், தகரக் கூரை, நடுவில் ஒரு கல் பெஞ்சு. அவளைப் படுக்க வைத்தார்கள்.

சத்தம் நின்றது.

வெளியேயும். உள்ளேயும்.

"இப்ப எப்படி இருக்கு?"

"வலிக்கல" என்றாள். அது உண்மை.

"பாத்தியா! நாங்க சொன்னோம்ல?" வக்கீலுக்குக் கண் கலங்கியது. ஒட்டகம் கீழே ஓடினான். அவன் காலடிச் சத்தத்தைப் பனி நாலே அடியில் தின்றுவிட்டது. கணவன் தன் ஜாக்கெட்டைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தான். ஒட்டகம் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைத் திறக்க வக்கீல் போராடிக்கொண்டிருந்தாள்.

அவள் அசையவில்லை. குழந்தையும் அசையவில்லை. இந்த அசைவின்மை அவளுக்குத் தெரியும். தூங்கும் குழந்தை திரையில் தளர்ந்து கிடக்கும். இது தளரவில்லை.

இது கவனித்துக்கொண்டிருந்தது.

தொப்புளுக்கு மேலே தோல் லேசாக உயர்ந்தது. உள்ளிருந்து ஒரு கை. மிகச் சின்னது. கட்டைவிரல் நகம் அளவுதான். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. இருபத்துநாலு வாரத்தில் அப்படித் தெரியாது. தெரியவே கூடாது.

"இங்க..." என்றாள்.

கணவன் அவள் தலையைக் கோதினான். "தூங்கும்மா. நான் இருக்கேன்ல."

சின்னக் கை காத்திருந்தது.

பிறகு, அதன் பக்கத்தில், அதே தோலுக்கு அடியில், இன்னொரு கை மெதுவாக மேலெழுந்தது. நீண்ட விரல்கள். தடித்த கணுக்கள். முழுதாக வளர்ந்த ஒருவரின் கை.

அது கொஞ்சம் தயங்கியது. பிறகு அந்தச் சின்னக் கையை, நோகாமல், பிடித்துக்கொண்டது.